மிசாவோ துப்பும் விதம்

இந்தப் பூமியில் முதல் மழை பெய்வதற்கு முன்னால் மேகங்கள் ஒரே ஒரு சொட்டை மிசாவோவின் நாக்கில் விட்டு, "இறங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டுதான் இறங்கின. அரிசியில் வடிக்கிற மது சாக்கே, அதை அவள் ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்தால் போதும். அரிசி விளைந்த வயல், அந்த வயலில் அந்த வருஷம் செத்த தவளை, அந்தத் தவளை ஆணா பெண்ணா என்பது வரைக்கும் சொல்லிவிடுவாள். டோக்கியோவுக்கு வடக்கே, பனி கொட்டுகிற அகிதாவில் எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூர் ஆள் ஒருத்தனைப் பிடித்தால் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். தவளை விஷயம் மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னது.

இப்போது அவள் கொமாகி கடையில், நின்றுகொண்டே குடிக்கிற மேடையின் கடைசி மூலையில், இடது கையால் ஒரு வெள்ளைக் கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறாள். கோப்பையின் அடியில் இரண்டு நீல வளையங்கள், பாம்பு விழித்துப் பார்க்கிற மாதிரி. நீலத்தின் ஓரம் கத்தியால் வெட்டினது போலத் தெரிந்தால் சாக்கே தெளிவு. பார்த்தாயிற்று. மூக்கருகே கொண்டுபோகிறாள். ஒரு மிடறு. உதட்டைக் கொஞ்சம் திறந்து காற்றை உள்ளே இழுக்கிறாள், ஓட்டை விழுந்த சைக்கிள் டியூப் போல ஒரு சத்தம். இந்தக் கன்னம், அந்தக் கன்னம். பிறகு குனியாமல் கொள்ளாமல், நின்ற இடத்திலிருந்தே மேடைக்குக் கீழே இருக்கிற தகர வாளியில் ஒரே கோடாகத் துப்புகிறாள். தரையில் ஒரு துளி விழாது. வாளியின் விளிம்பில்கூடப் படாது.

"பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை," என்கிறாள். "வாசல்லயே செண்டு வாசம் தூக்குது. உள்ள வந்து உக்காந்தா பேச்சே இல்ல."

அரிசியைப் பாதியாய்த் தேயும்வரை தீட்டி, குளிரில் மெதுவாகப் புளிக்கவைத்து, முலாம்பழ வாசம் வரும்படி வடித்த உயர்ந்த ஜாதி சாக்கே அது. புட்டியைச் சுற்றிப் பட்டுத்தாள் எல்லாம் கட்டியிருந்தது. கடைக்காரர் கொமாகி அந்தப் புட்டியை எடுத்து, சத்தமில்லாமல் கீழ்த்தட்டுக்கு இறக்கினார். கடையின் வியாபாரம் இப்படித்தான் நடக்கிறது. மிசாவோ திட்டாத சாக்கே விற்காது, ஏனென்றால் அதில் திட்டுவதற்குக்கூட ஒன்றுமில்லை என்று அர்த்தம். ரொம்பத் திட்டினாலும் விற்காது. அளவாகத் திட்டினால் அன்று சாயங்காலமே காலி.

இதை எழுதுகிறவனுக்கு இன்னும் இருபது வயதாகவில்லை. இருபதுக்கு முன்னால் இங்கே குடிக்கக் கூடாது, ஆகவே சட்டப்படி அவனுக்கு எந்த ருசியும் தெரியாது. கொமாகியின் அக்கா மகன், பள்ளிக்கூடத்துக்கும் இந்தக் கடைக்கும் நடுவில் எங்கேயோ தொலைந்துபோனவன், கடை ஓரத்தில் இருக்கிற மளிகைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று கோப்பை கழுவுகிறவன். இங்கே எழுதியிருக்கும் ருசியெல்லாம் மிசாவோவின் வாயிலிருந்து வந்தது. திரவம் வாளிக்குப் போனது, சொல் இந்தக் காதுக்கு வந்தது, அவ்வளவுதான்.

மிசாவோவுக்கு அறுபது வயது. குள்ளம். ரப்பர் பூட்ஸோடு வருவாள், ஏனென்றால் நாலு மணி வரைக்கும் சூப்பர் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிற வேலை. ஊரிலேயே நல்ல மூக்கு உள்ள பொம்பளைக்கு ஊரிலேயே நாறுகிற வேலை. அதற்கு அவள் ஒரு வழி வைத்திருக்கிறாள். மீனை வலது கைதான் தொடும். இடது கைக்கு முழங்கைவரை உறை. வேலை முடிந்ததும் உறையைக் கழற்றி, இடது கையை அரிசித் தவிட்டால் தேய்த்துக் கழுவி, ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்துவருவாள், குழந்தையைத் தூங்கவைத்துக் கொண்டுவருகிற மாதிரி. கடைக்கு வந்து கோப்பையைத் தூக்கும்போதுதான் அந்தக் கை வெளியே வரும். வலது கை முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

கொமாகி கடையில் குடிக்க வருகிறவர்கள் எல்லாரும் விழுங்க வருகிறவர்கள். துப்ப வருகிற ஒரே ஆள் அவள்தான். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு நாள்கூடத் தள்ளாடி யாரும் பார்த்ததில்லை. "குடிக்கிறது வேற, பாக்குறது வேற," என்பாள். "மீன் வெட்டுறவ வெட்டுன மீனையெல்லாம் திம்பாளா?"

காற்றில் இருக்கிற நுண்ணுயிரை வரவழைத்துப் பழைய முறையில் புளிக்கவைத்த யமஹாய் என்று ஒரு வகை உண்டு. முதல் தடவை மோந்தவன் முகத்தைச் சுளிப்பான். அதற்கு அவள் சொன்னது: "மாட்டுக் கொட்டாய் வாசம். ஆனா வச்சிருக்கிறவன் மாட்டை நல்லா பாத்துக்கிறான்." அவள் வாயிலிருந்து வந்த பாராட்டுகளில் இதற்கு மேல் ஒன்றை யாரும் கேட்டதில்லை. சரியாய் வடிகட்டாமல் பால் போலக் கலங்கி நிற்கிற சாக்கேக்கு, "காய்ச்சல் வந்தவனுக்குக் குடு, கஞ்சின்னு நெனச்சுக் குடிப்பான்." பல வருஷம் கிடந்து பழுப்பேறியதற்கு, "மூத்த மருமக. வாயத் தொறந்தா நடந்த கதை எல்லாம் வரும். கேட்டுத்தான் ஆகணும்." அரிசியும் தண்ணீரும் தவிர வேறெதுவும் சேராத, அலங்காரம் இல்லாத சாக்கே ஒன்றுக்கு அவள் நெற்றியைச் சுருக்கினாள். "இவன் சூடு பண்ணாத்தான் பேசுவான். நல்லவன். கல்யாணம் மட்டும் பண்ணிக்காத."

சூடு விஷயத்தில் கொமாகிக்குத் தினமும் மண்டகப்படி உண்டு. இங்கே ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. வெயிலில் உட்கார்ந்த சூடு, ஆள் தோலின் சூடு, இளஞ்சூடு என்று போகும். கொமாகி தகரக் குவளையை வெந்நீரில் வைத்துவிட்டு யாரிடமாவது பேச்சுக் கொடுத்துவிடுவார்.

"என்னய்யா இது?"

"தோல் சூடுக்கா. நீங்க கேட்டதுதான்."

"எவன் தோலு? காய்ச்சல்ல கெடக்கிறவன் தோலா?"

மேடையின் இந்தப் பக்கம் சிரிப்பு எழும். அதிகச் சத்தமாகச் சிரிப்பவர் ஓகுமா. பனி தள்ளுகிற ரயிலை ஓட்டி ஓய்வுபெற்றவர், எழுபது வயது, கன்னம் எப்போதும் சுட்ட பழம் மாதிரி. தண்டவாளத்திலிருந்து பனியைத் தள்ளித் தள்ளி, எது கண்ணில் பட்டாலும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. மிசாவோவுக்கு 'நாக்கு மகாராணி' என்று பெயர் வைத்தவர் அவர்தான். அவளைத் தள்ளிப் பார்க்க வேண்டுமென்றால் எந்த இடத்தில் தள்ள வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் நெமுரிகவா என்ற சாக்கே வடிக்கிற பட்டறை இருக்கிறது. தொகாஷி குடும்பத்துச் சொத்து. மிசாவோ அந்த வீட்டுப் பெண். தொகாஷி மிசாவோ. ஆண் வாரிசு இல்லாத வீட்டில் மருமகனைத் தத்தெடுத்து, குடும்பப் பெயரைக் கொடுத்து, அவன் கையில் சாவியைக் கொடுப்பது இங்கே வழக்கம். அப்படி வந்தவன் எய்சாகு. பெயர்ப்பலகையில் அப்பா பெயருக்குக் கீழே எய்சாகுவின் பெயர் ஏறியது. ஆனால் தொட்டிக்குத் தொட்டி ருசி பார்த்து, எதை எதோடு எவ்வளவு கலக்க வேண்டும் என்று முடிவு செய்தது மிசாவோ. அப்பா அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கேட்பார். வெளியே வந்து, தான் சொன்னதுபோல் ஆட்களிடம் சொல்வார்.

எய்சாகு பழைய ருசியை மாற்ற வேண்டும் என்றான். புளிப்பைக் குறை, வாசத்தைக் கூட்டு, டோக்கியோவில் அதுதான் ஓடுகிறது என்றான். அவள் முடியாது என்றாள். சண்டை பெரிதாகி, ஒரு நாள் அவள் அப்பாவின் முன்னால் போய் நின்று, "அவரா நானா, சொல்லுங்கப்பா," என்றாள்.

வெளியே ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா அவளைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

"குடை எடுத்துட்டுப் போ," என்றார்.

மருமகன் மகனாகிவிட்டால், கல்யாணம் முறிந்தாலும் மகன் மகன்தான். மகள்தான் வெளியே. அப்பாவின் சாவுக்கு அவள் போனாள், விருந்தாளிகள் வரிசையில் உட்கார்ந்தாள். எல்லார் முன்னாலும் நெமுரிகவா வைத்தார்கள். அவள் டீ குடித்தாள்.

அன்றிலிருந்து அந்தச் சாக்கேயைப் பற்றி அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பாத்திரம் கழுவுன தண்ணி." அவள் போன பிறகு எய்சாகு வடித்த சாக்கேயில் அவள் ஒரு சொட்டுகூட வாயில் வைத்ததில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். கொமாகி மரியாதைக்காக அதைக் கடையில் வாங்கி வைப்பதே இல்லை.

சூப்பர் மார்க்கெட்டில் வைத்திருக்கிறார்கள். மீன் பிரிவுக்கு நேர் எதிரே ஜன்னலோரம் மதுத்தட்டு. தினமும் காலையில் மிசாவோ நெமுரிகவா புட்டிகளை மட்டும் எடுத்துப் பின்வரிசைக்குத் தள்ளிவிடுவாள். வேறு வழியில்லாமல் அங்கே வேலை செய்கிற பையன்கள் மறுபடி முன்னால் எடுத்து வைப்பார்கள். பொறாமை, விற்கவிடாமல் செய்கிறாள் என்று ஊரில் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த ஜன்னலில் காலை வெயில் முன்வரிசையில்தான் விழுகிறது, வெயில் பட்டால் சாக்கே கெட்டுப்போகும். பின்வரிசையில் விழாது. அங்கே போய் நின்று பார்த்தால்தான் தெரியும். நின்று பார்த்தவன் ஒருத்தன் இருக்கிறான்.

இந்த வருஷம் சாக்கேப் போட்டியில் நெமுரிகவாவுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பேப்பரில் எய்சாகுவின் படம். ஓகுமா அதை மேடையில் விரித்து, பனி ஓரமாய் ஒதுங்குகிற மாதிரி எல்லாரும் ஒதுங்க, உரக்கப் படித்தார்.

"ஜட்ஜுங்களுக்குச் சளி பிடிச்சிருக்கும்," என்றாள் மிசாவோ.

"மொத்தப் பேருக்குமா?"

"ஒருத்தனுக்கு வந்தா ஒட்டிக்காதா?"

"நீதான் ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லேன், மகாராணி."

"சாக்கடையக் குடிச்சுப் பாத்துத்தான் சாக்கடைன்னு சொல்லணுமா ஓகுமா அண்ணே? நீங்க ஓட்டுன ரயில் லேட்டுன்னு சொல்றதுக்கு நாங்க ஏறிப் பாத்தோமா?"

அன்றைக்கு அவள்தான் ஜெயித்தாள். ஆனால் ஓகுமா பேப்பரை மடித்துப் பையில் வைத்த விதத்திலேயே தெரிந்தது, விஷயம் முடியவில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை கொமாகி கடையில் பெயர் மறைத்து ருசி பார்க்கிற நாள். கொமாகி திரைக்குப் பின்னால் கோப்பைகளில் ஊற்றி, அடியில் எண் ஒட்டிக் கொண்டுவருவார். மிசாவோ என்ன வகை, எந்தப் பக்கத்துத் தண்ணீர், எவன் கை என்று சொல்வாள். மற்றவர்கள் புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாயைப் பந்தயம் வைத்து விளையாடுவார்கள். அடுத்து வந்த அந்தச் சனிக்கிழமை மத்தியானமே ஓகுமா வந்தார், கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு புட்டி.

"மூணாவது கோப்பையில இத ஊத்து."

கொமாகி தாளை விலக்கிப் பெயரைப் பார்த்தார். "வேண்டாம் அண்ணே. பாவம்."

"என்ன பாவம்? நல்லா இருக்குன்னு சொன்னா இத்தனை வருஷப் பேச்சும் பொய்யி. மோசம்னு சொன்னா, தங்கப் பதக்கத்தக் கண்டுபிடிக்கத் தெரியாத நாக்கு. ரெண்டுல ஒண்ணு இன்னிக்குத் தெரிஞ்சிடும். பத்து வருஷத்துக்கு மேல அவ நம்மளத் திட்டிட்டா, ஒரு நாள் நாம சிரிச்சுக்குவோம்."

விளையாட்டுதான். ஓகுமாவின் மனசில் விஷம் கிடையாது. ஆனால் மிசாவோவிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. வீடு போனது. புட்டியில் ஒட்டுகிற பெயர் போனது. அப்பா ஒரு குடையோடு முடிந்துவிட்டார். மிச்சம் இருப்பது இந்த மேடையின் மூலையும், அவள் துப்பிவிட்டு நிமிரும்போது ஏழெட்டுப் பேர் பேச்சை நிறுத்தி அவள் வாயைப் பார்க்கிற அந்த ஒரு நிமிஷமும்தான். அதை வைத்துத்தான் அவள் மறுநாள் காலை மீன் வெட்டப் போகிறாள்.

கொமாகிக்கு மறுத்துப் பேசத் தெரியாது. ஊற்றினார். ஐந்து கோப்பையும் தட்டில் தயாராக நின்றபோது, வாசலில் பீர் இறக்க வண்டி வந்தது. போய்விட்டார். அந்த இடைவெளியில் ஒரு நல்லவன் திரைக்குள் வந்தான். அவன் பெயர் இப்போதைக்கு வேண்டாம். மூன்றாவது கோப்பையைத் தூக்கி, மளிகைத் தட்டில் சோயா சாஸ் புட்டிகளுக்குப் பின்னால் ஒளித்தான். இன்னொரு கோப்பையில் அதே எண்ணை ஒட்டி, சமையலுக்கு விற்கிற மட்டமான சாக்கேயை ஊற்றி அந்த இடத்தில் வைத்தான். நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவன் போட்ட கணக்கு இது: கேவலமான சாக்கே, அவள் மனசாரத் திட்டுவாள், மூன்றாவது எது என்று திறந்து காட்டும்போது நெமுரிகவா என்று வரும், அவள் பேச்சும் பிழைக்கும் நாக்கும் பிழைக்கும்.

கணக்கில் அவன் எப்போதுமே சுமார். சமையல் சாக்கேயில் உப்புக் கலந்துதான் விற்கிறார்கள். யாரும் எடுத்துக் குடித்துவிடக் கூடாது என்பதற்காக. லேபிளிலேயே எழுதியிருக்கிறது. லேபிள் படிக்கிற ஆளாக இருந்தால் அவன் ஏன் கோப்பை கழுவுகிறான்?

நாலரை மணிக்கு மிசாவோ வந்தாள். இடது கை பைக்குள்ளிருந்து வெளியே வந்தது. கடைக்குள் நுழைந்ததும் ஒரு கணம் நின்று, மளிகைத் தட்டுப் பக்கம் தலையைத் திருப்பி, பிறகு தன் மூலைக்குப் போனாள்.

முதல் கோப்பை. "கடலோரத்துக்காரன். மீனுக்குன்னே வடிச்சது. தனியாக் குடிச்சா அழுகை வரும்." சரி என்று கொமாகி தலையாட்டினார். ஓகுமா ஒரு துண்டு ஊறுகாய் இழந்தார்.

இரண்டாவது கோப்பை. "கொதிக்க வைக்காத புதுச் சாக்கே. காலேஜு சேந்த மொத வருஷப் பையன் மாதிரி, நாக்குல குதிக்குது. பங்குனி வெயில் வந்தா அடங்கிடும்." அதுவும் சரி.

மூன்றாவது கோப்பையை அவள் தூக்கியபோது மேடையில் ஒருத்தரும் மெல்லவில்லை. நீல வளையத்தைப் பார்த்தாள். மோந்தாள். மூக்கு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. ஒரு மிடறு. சைக்கிள் டியூப் சத்தம் வரவில்லை. கன்னம் அசையவில்லை.

உப்பு.

குடிக்கிற சாக்கேயில் உப்பு எங்கிருந்து வரும்? இது அடுப்படிச் சரக்கு என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சுகூட வேண்டாம். வாயில் வைத்தபடியே அவள் கண்ணைத் தூக்கினாள். ஓகுமாவின் முகத்தில், பேப்பரை விரித்த அன்றைக்கு இருந்த அதே வெளிச்சம். கொமாகி காய்ந்த மேடையைத் துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். மளிகைத் தட்டுப் பக்கம் நின்ற ஒருத்தன் கூரையில் எதையோ ஆராய்ந்தான். மிசாவோவுக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் விளங்கிவிட்டது. இந்தக் கோப்பையில் எது இருந்திருக்க வேண்டும், அது யார் வேலை, பிறகு அது எப்படி இல்லாமல் போனது என்று. உள்ளதைச் சொல்லலாம். சொன்னால் சிரிப்பார்கள், தேடுவார்கள், சரியான கோப்பையைக் கொண்டுவந்து இத்தனை பேர் முன்னாலும் அவள் கையில் கொடுப்பார்கள்.

துப்பினாள். ஒரு துளி தரையில் விழுந்தது.

"இது எங்க வீட்டுச் சாக்கே," என்றாள். "நெமுரிகவா. எய்சாகு வடிச்சது. பாத்திரம் கழுவுன தண்ணி."

ஓகுமா மேடையை இரண்டு கையாலும் அறைந்தார். "அடேயப்பா! கண்டுபிடிச்சுட்டாளே! பேரோட சொல்லிட்டாளே! மகாராணி, நான் தோத்தேன், இந்தா ஊறுகாய் முழுக்க உனக்குத்தான்!" எல்லாரும் கை தட்டினார்கள். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் தன் கணக்கை மெச்சிக்கொண்டான்.

அந்த மெச்சல் ஓகுமா புட்டியை வெளியே எடுக்கும் வரைக்கும்தான் நின்றது. "சரி, அந்தப் பாத்திரம் கழுவுன தண்ணியை நாமளும் பாப்போம்," என்று சிரித்தபடி எல்லாருக்கும் ஊற்றினார். யாரும் துப்புகிற ஆட்கள் இல்லை, விழுங்கினார்கள்.

யாரும் சிரிக்கவில்லை.

"அக்கா, இது..." என்று கொமாகி ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் கை தானாகவே இன்னொரு வாய் எடுத்துப்போனது. ஓகுமா தன் கண்ணாடிக் குவளையைக் காலி செய்து, அடியைப் பார்த்து, மிசாவோவைப் பார்த்தார். அவர்கள் முகத்தில் எண்ணம் ஓடுவது எழுதி ஒட்டினது போலத் தெரிந்தது. வீட்டுச் சாக்கேயை அவள் மூக்கு கண்டுபிடித்துவிட்டது, எப்படியும் அந்த வீட்டு ரத்தம். ஆனால் இவ்வளவு நல்ல சாக்கேயை வாயில் வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவின தண்ணீர் என்றாளே, அது நாக்குச் சொன்னது இல்லை. அது வேறு ஏதோ சொன்னது. அப்படியென்றால் இத்தனை வருஷம் அவள் சொன்னதில் எது நாக்கு, எது வயிற்றெரிச்சல்?

ஓகுமா கேலி செய்திருந்தால் மிசாவோ பதிலுக்கு ஒரு கை பார்த்திருப்பாள். அவர் கேலி செய்யவில்லை.

"போவட்டும் விடும்மா," என்றார், ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில். "உன் எடத்துல நாங்க இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்போம்."

'அதுல உப்பு இருந்துச்சு' என்ற மூன்றே சொல் போதும். மிசாவோ வாயைத் திறந்தாள். ஒரு துண்டு ஊறுகாயை அதில் போட்டு மூடிக்கொண்டாள்.

நாலாவது கோப்பையையும் ஐந்தாவதையும் அவள் பார்த்தாள், சொன்னாள். இரண்டும் சரி. ஆனால் அவள் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது பேச்சு நிற்கவில்லை. பேசிக்கொண்டே, அவள் பக்கம் திரும்பி, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். வழக்கத்தைவிடச் சீக்கிரமே ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியாகப் போன ஓகுமா கதவருகே நின்று திரும்பினார்.

"வழியெல்லாம் ஐஸா கெடக்கு. பாத்துப் போம்மா."

ஒரு குளிர்காலத்தில் அவள் இதே வாசலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தபோது, நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த மனுஷன் அவர். அன்றைக்கு அவளும் வலியோடு சேர்ந்து சிரித்தாள். இப்போது, "சரிங்க அண்ணே," என்று மட்டும் சொன்னாள்.

கொமாகி காலிப் பெட்டிகளை அடுக்கக் கொல்லைப்பக்கம் போனார். மிசாவோ கிளம்பவில்லை. மேடையின் நடுவில் ஒரு சின்னத் தட்டில் உப்பு இருக்கும். கையளவு மரப்பெட்டியில் சாக்கே ஊற்றிக் குடிக்கிறவர்கள் அதன் மூலையில் ஒரு சிட்டிகை வைத்து நக்கிக்கொண்டே குடிப்பார்கள், அதற்காக. அவள் ஒற்றை விரலால் அந்தத் தட்டைத் தள்ளினாள். மேடை நெடுகத் தள்ளிக்கொண்டே நடந்துவந்து, இதை எழுதுகிறவன் கோப்பை கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு நேர் முன்னால் நிறுத்தினாள்.

"இது இங்க தனியாத்தானே இருக்கு? எதுக்குடா உள்ளயே கலந்து குடுத்த?"

"எதை?"

"டேய்."

கழுவுவதற்குக் கோப்பைகள் தீர்ந்துபோயிருந்தன. கழுவினதையே மறுபடி கழுவினான்.

"தண்ணி கலந்து குடு, வினிகர் கலந்து குடு, திட்டிட்டுப் போவேன்," என்றாள். குரல் ஏறவில்லை. "இந்த நாக்கு காலம் பூரா திட்டியிருக்கு. பொய் சொன்னது கெடையாது. இன்னிக்குச் சொல்ல வச்சுட்ட."

அவன் குழாயை மூடினான்.

"சரி, எடு. சோயா புட்டிக்குப் பின்னாலதானே?"

"உங்களுக்கு எப்படி..."

"நான் உள்ள வந்ததுலேருந்து அங்கதான் மணந்துக்கிட்டு இருக்கு."

அவன் கையை விட்டுத் துழாவி அந்தக் கோப்பையை எடுத்துவந்தான். ஊற்றினது அப்படியே இருந்தது, நீல வளையங்களின் ஓரம் கத்தியால் வெட்டினது போலத் தெரிந்தது. மிசாவோ இடது கையை நீட்டி வாங்கினாள். மோந்து பார்க்கவில்லை. வெளிச்சத்தில் சாய்க்கவில்லை. கோப்பையை வாயருகே கொண்டுபோகும் முன் ஒரு காலைத் தூக்கி, ரப்பர் பூட்ஸின் நுனியால், அந்தத் தகர வாளியை மேடைக்கு அடியில் எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டாள்.